தெருவோரச் சிறுவர் கையில் மேளம்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியர் சார்பில்)

இயல், இசை, நாடகம் என்று தமிழை மூன்றாகப் பகுத்துப் போற்றுபவர்கள் நாம். திருவிழா என்றால் பேண்டு வாத்தியம் வேண்டும்; திருமணம் என்றால் நாதசுரம் வேண்டும்; இறுதி ஊர்வலத்திற்குக்கூட நமக்குப் பறையொலி வேண்டும். இசையின்றி நம் ஊரில் நல்லதும் நடவாது, கெட்டதும் நடவாது. ஆனாலும், பேருந்து நிலையத்தில் சாக்கை விரித்துப் படுத்திருக்கும் சிறுவனுக்கு மேளம் அடிக்கக் கற்றுக் கொடுக்கப் போகிறோம் என்று ஒருவர் வந்து சொன்னால், நம்மில் எத்தனை பேர் சிரிக்காமல் இருப்போம்? "முதலில் அவனுக்கு ஒரு வேளைச் சோறு போடுங்கள், பாட்டும் கூத்தும் பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்றுதானே சொல்வோம்?

அப்படிச் சொல்வது சரிதானா என்று எங்கள் வகுப்பில் ஒரு முறை பெரிய வாதம் நடந்தது. வாதத்தில் யாரும் வெல்லவில்லை. எனவே, இதை உண்மையாகவே செய்து பார்த்தவர்கள் எங்கேனும் இருக்கிறார்களா என்று தேடிப் படித்தோம். பல நாடுகளில் இருக்கிறார்கள். அவற்றுள் எங்கள் மனத்தைக் கவர்ந்தது பிரேசில் நாட்டின் சல்வதோர் நகரம். அங்கு நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

உலகப்படத்தை விரித்துத் தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையைப் பாருங்கள், தோழியரே. ஆப்பிரிக்காவை நோக்கிப் புடைத்துக் கொண்டிருக்கும் பகுதிக்குச் சற்றுத் தெற்கே சல்வதோர் இருக்கிறது. 1549இல் போர்த்துக்கீசியர் அமைத்த நகரம் அது. 1763 வரை பிரேசிலின் தலைநகராகவும் விளங்கிற்று. சல்வதோர் என்றால் மீட்பர் என்று பொருள். மீட்பரின் பெயரைத் தாங்கிய அத்துறைமுகத்தில்தான் ஆப்பிரிக்க மக்கள் விலங்கிடப்பட்டு அடிமைகளாக இறக்கப்பட்டார்கள். பிரேசில் முழுமைக்கும் அவ்வாறு கொண்டுவரப்பட்டவர்கள் ஏறத்தாழ 48 இலட்சம் பேர் என்று வரலாற்று ஆசிரியர்கள் கணக்கிடுகின்றனர். நகரின் மேட்டுப் பகுதியில் பெலோரிஞ்ஞோ என்றோர் இடம் உண்டு. சாட்டையடிக் கம்பம் என்பதே அச்சொல்லின் பொருள். அடிமைகளைக் கட்டி வைத்து அடித்த கம்பத்தின் பெயரே ஊர்ப் பெயராக நிலைத்துவிட்டது. அதே சரிவில், கறுப்பின மக்கள் தங்களுக்கெனத் தாங்களே கட்டியெழுப்பிய செபமாலை அன்னையின் ஆலயமும் நிற்கிறது. கம்பம் போய்விட்டது, ஆலயம் இருக்கிறது.

1888 மே 13 அன்று பிரேசிலில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. விடுதலை கிடைத்தவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை, பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. அவர்களுடைய ஆட்டமும் பாட்டமுங்கூட குற்றமாகவே கருதப்பட்டன. கப்போயிரா என்பது அவர்களுடைய கலை. சண்டையா, நடனமா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி நம் சிலம்பத்தைப் போல இரண்டும் கலந்திருக்கும். 1890இன் தண்டனைச் சட்டம் அதைத் தடை செய்தது. 1930களில்தான் அதற்கு விடிவு வந்தது. அதற்கு வாசிக்கும் கருவி ஒரு வில்! வில்லின் அடியில் ஒரு சுரைக்குடுக்கையைக் கட்டி, நாணைக் குச்சியால் தட்டுகிறார்கள். பெரிம்பாவ் என்று அதற்குப் பெயர். நம் வில்லுப்பாட்டுக்காரர் அதைப் பார்த்தால் ஒன்றுவிட்ட தம்பியைக் கண்டதுபோல மகிழ்வார். தண்டனைக்குரியதாக இருந்த அக்கலையை 2014இல் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது.

இனித் தெருவோரச் சிறுவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தெருவில் காணும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நிலையில் உள்ளவர்கள் அல்லர். பகலெல்லாம் காலணி துடைத்தும், கடலை விற்றும், குப்பை பொறுக்கியும் இரவில் தாயிடம் திரும்புகிறவர்கள் ஒரு வகை. இவர்களே மிகுதி. வீடு என்று ஒன்று இல்லாமல், அல்லது வீட்டில் அடி தாங்க மாட்டாமல், தெருவிலேயே உண்டு உறங்குகிறவர்கள் மற்றொரு வகை. பிரேசிலில் 1980களில் இவ்விரு வகையினரும் பெருநகரங்களில் நிரம்பியிருந்தார்கள். பசியை மறக்கச் செருப்புத் தைப்பவர் பயன்படுத்தும் பசையை முகர்வது அவர்களிடையே பரவியிருந்த தீய பழக்கம். கடைக்காரர்களுக்கு அவர்கள் தொல்லை, காவலர்களுக்குத் திருடர்கள். அப்பிள்ளைகளுக்கென 1985இல் நாடு தழுவிய இயக்கம் ஒன்று தொடங்கப்பட்டது என்பதும், 1989இல் அப்பிள்ளைகளே தலைநகர் பிரசீலியாவில் நாடாளுமன்றத்துக்குள்ளேயே சென்று தங்கள் உரிமைச் சட்டத்துக்காகக் குரல் கொடுத்தார்கள் என்பதும் எங்களுக்குப் பெரும் வியப்பைத் தந்த செய்திகள். மறு ஆண்டு, 1990 சூலையில், அச்சட்டம் நிறைவேறியது.

ஆனால், சட்டம் ஏட்டில் ஏறியதும் தெரு மாறிவிடுமா? 1993 சூலை 23 அன்று இரவு, ரியோ டி ஜெனீரோ நகரில் கண்டெலாரியா என்னும் பெரிய ஆலயத்தின் அருகே உறங்கிக் கொண்டிருந்த பிள்ளைகளை நோக்கிச் சிலர் சுட்டார்கள். எட்டுப் பேர் மாண்டார்கள். சுட்டவர்களுள் காவல்துறையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள் என்பது பின்னர் நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. உலகமே கண்ணீர் விட்டது. அன்று உயிர் தப்பிய சிறுவர்களுள் ஒருவன், வளர்ந்து இளைஞனாகி, 2000 சூன் மாதம் அதே ரியோவில் ஒரு பேருந்தில் இருந்தவர்களைப் பிணையாகப் பிடித்தான். அந்நிகழ்ச்சியில் ஒரு பெண்மணியும் அவனும் இறந்தார்கள். உயிர் பிழைத்த பிள்ளைக்கு அந்த ஏழு ஆண்டுகளில் உலகம் என்ன கொடுத்தது என்று எங்களுக்குள் கேட்டுக் கொண்டோம். சில நாள் சோறும் சில நாள் சிறையும் கிடைத்திருக்கும். 'நீ இல்லாவிட்டால் எங்களுக்கு ஆகாது' என்று சொல்ல யார் இருந்தார்கள்?

இந்த இடத்தில்தான் மேளம் வருகிறது.

சல்வதோரில் கார்னிவல் மிகப் பெரிய திருவிழா. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்திய நாள்களில் ஊரே தெருவில் ஆடும். ஆயினும், பெரிய மனிதர்களின் ஆட்டக் குழுக்களில் கறுப்பின மக்களுக்கு இடமில்லை. எனவே 1974இல் இலே ஆயே என்னும் குழுவை அவர்கள் தாங்களே அமைத்தார்கள். 1979இல், சாட்டையடிக் கம்பத்தின் பெயர் தாங்கிய பெலோரிஞ்ஞோவில் ஓலோதூம் என்னும் குழு பிறந்தது. அக்காலத்தில் அப்பகுதி இடிந்த மாளிகைகளும், வறியவரும், கைவிடப்பட்ட பிள்ளைகளும் நிறைந்து கிடந்தது. ஓலோதூமின் மேளங்களை ஆண்ட ஆசான் நெகின்யோ தோ சம்பா என்பவர். பிரேசிலின் சம்பாவையும் ஜமைக்கா தீவின் ரெகே இசையையும் பிணைத்து 'சம்பா ரெகே' என்ற புதிய தாளத்தை அமைத்தவர் அவர். அப்பகுதிப் பிள்ளைகளுக்கு மேளம் கற்பிக்கும் வேலையையும் ஓலோதூம் 1980களிலேயே தொடங்கிவிட்டது.

அந்த மேளக் கூட்டம் எப்படி இயங்குகிறது என்பதைச் சற்று விளக்கினால்தான் நாங்கள் சொல்ல வருவது புரியும். சுர்தோ என்பது பெரிய மேளம்; நம் பேண்டு வாத்தியத்தில் வரும் பேஸ் டிரம்மைப் போன்றது. தோளிலோ இடுப்பிலோ மாட்டிக் கொண்டு, பஞ்சு சுற்றிய கோலால் அடிக்கிறார்கள். சுர்தோ ஒன்று மட்டும் இருந்தால் போதாது. ஒன்று 'தும்' என்று கேட்கும்; சற்றே வேறு சுருதியில் உள்ள மற்றொன்று 'தும்' என்று விடை சொல்லும். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை இன்னும் சில சுர்தோக்கள் நிரப்பும். இவற்றின் மேல் காய்ஷா என்னும் சிறு மேளம் ஓயாமல் படபடக்கும். ரெப்பிக்கே என்பதை மெல்லிய குச்சிகள் இரண்டால் அடிப்பார்கள். தகரக் கூரையில் மழை பெய்வதுபோல் இருக்கும். எதிரே நிற்கும் ஆசான் ஊதலை ஊதி, விரல்களால் குறிப்புக் காட்டுவார். ஐம்பது மேளமும் ஒரே நொடியில் நிற்கும். ஒரே நொடியில் மீண்டும் தொடங்கும்.

கவனியுங்கள்! இதில் யாரும் கேள்வியையும் விடையையும் தனியாக வாசிக்க முடியாது. இரண்டாம் சுர்தோக்காரன் வராவிட்டால் முதல் சுர்தோ கேட்டுக் கொண்டே நிற்கும், விடை வராது. அந்த ஓட்டை கேட்பவர் காதில் விழும். பிச்சை இடும்போது பத்துச் சிறுவரில் ஒருவன் குறைந்தால் கொடுப்பவருக்குத் தெரியாது. மற்ற ஒன்பது பேருக்கும் கூடுதலாகக் கிடைக்கும் என்ற மகிழ்ச்சிகூட இருக்கும். மேளத்திலோ ஒருவன் குறைந்தால் எல்லாருக்கும் குறை. எழுதப் படிக்கத் தெரியாதவனும் அன்றே தொடங்கலாம். ஆனால், பசை முகர்ந்து மயங்கி வந்தவன் கையில் தாளம் நிற்காது. அதைத் திருத்த ஆசான் திட்ட வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்பவனே திரும்பிப் பார்ப்பான்.

1990இல் சல்வதோரில் தொடங்கிய ஆஷே திட்டம் இதையே ஒரு கல்வி முறையாக வளர்த்தது. தொடங்கியவர் இத்தாலியில் பிறந்து பிரேசிலில் வாழ்ந்த சேசரே தெ புளோரியோ லா ரோக்கா. ஐ.நா. குழந்தைகள் நிதியமாகிய யுனிசெப்பில் பணியாற்றியவர். ஆஷே என்பது ஆப்பிரிக்காவின் யொருபா மொழிச் சொல். உயிராற்றல், ஆசி என்று பொருள் கொள்ளலாம். பிரேசிலின் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரேயிரே (1921–1997) காட்டிய வழி இத்திட்டத்துக்கு அடிப்படை. கற்பவரின் தலை வெறும் பானையன்று, ஆசிரியர் வந்து நிரப்புவதற்கு என்பது அவருடைய கொள்கை.

ஆஷேயின் ஆசிரியர்கள் பிள்ளைகளை வண்டியில் ஏற்றி விடுதிக்குக் கொண்டு போவதில்லை. தாங்கள் தெருவுக்குப் போகிறார்கள். முதலில் தொலைவில் நின்று பார்க்கிறார்கள்: யார் யாருடன் இருக்கிறார்கள், எங்கே உறங்குகிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று. இந்தக் கட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர், காதலர் தூரத்திலிருந்து ஒருவரையொருவர் பார்த்துக் கொள்வதைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல். பள்ளி ஆண்டு மலரில் இதை எழுதலாமா என்று தயங்கிச் சிஸ்டரிடம் கேட்டோம், "எழுதுங்கள், நல்ல சொல்தானே!" என்றார். அடுத்தது பேசிப் பழகும் கட்டம். நாள்தோறும் அதே இடத்துக்கு, சொன்ன நேரத்துக்கு வந்து, அவர்களுடைய விளையாட்டில் சேர்ந்து நம்பிக்கையைப் பெற வேண்டும். பிள்ளை தானாக நெருங்கி வந்து ஒண்டிக் கொள்வது மூன்றாம் கட்டம். அதற்குப் பிறகுதான் "உனக்கு என்ன வேண்டும்?" என்ற கேள்வி.

இந்தக் கேள்விக்குத் தெருப் பிள்ளையால் உடனே விடை சொல்ல முடிவதில்லை என்பதை ஆஷே கண்டுகொண்டது. அன்றைய உணவு, அன்றைய இரவு என்று வாழ்ந்தவனுக்கு, நாளைக்கு ஒன்றை விரும்புவது என்றால் என்னவென்றே தெரியாமல் போயிருக்கும். ஆகவே விருப்பத்தைக் கற்பிப்பதே முதற்பாடம் என்று வைத்தார்கள். அதற்குக் கலையைப் போல் உதவுவது வேறில்லை. மேளம், கப்போயிரா, நடனம், துணியில் அச்சிடுதல், ஆடை வடிவமைப்பு எனப் பல பிரிவுகள் அங்கே அமைந்தன. கலை என்பது சாப்பாடெல்லாம் முடிந்தபின் இலையில் ஊற்றும் பாயசம் அன்று, அதுவே சோறு என்பது அவர்கள் கருத்து. மலிவானது போதும் என்று ஏழைப் பிள்ளைக்குக் கொடுப்பதையும் அவர்கள் ஏற்பதில்லை. நல்ல ஆசிரியர், நல்ல கருவி, நல்ல மேடை ஆகியவற்றை அவர்கள் தேடினார்கள். பழைய துணியும் உடைந்த பொம்மையும் சேர்த்து அனாதை இல்லங்களுக்கு அனுப்பும் வழக்கமுள்ள நம் ஊர்களில் இது சிந்திக்க வேண்டிய செய்தி.

மேளம் அடித்தே எல்லாரும் பிழைத்துவிடலாம் என்று எண்ணுவது பேதைமை. பலர் இசைக் கலைஞராக ஆவதில்லை. அதனால் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதும், முடிந்தவரை குடும்பத்தோடு இணைப்பதும் ஆஷேயின் பணியில் அடங்கும்.

சோறு வேண்டாமா என்று எங்கள் வகுப்பில் கேட்டவர்களுக்கு ஒரு செய்தி. பெலோரிஞ்ஞோவுக்கு அருகே பொன் வேய்ந்த புனித பிரான்சிஸ்கு ஆலயம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை புனித அந்தோனியாருக்குரிய நாள் என்பது நமக்குத் தெரியாததா? அங்கும் அப்படித்தான். நெடுங்காலமாகச் செவ்வாய்தோறும் திருப்பலி முடிந்ததும் ஏழைகளுக்கு அப்பம் கொடுப்பது அங்கு மரபாக இருந்து வந்தது. பின்னாளில் அதே செவ்வாய் இரவுகளில்தான் ஓலோதூமின் மேளமும் முழங்கிற்று. 'ஆசீர்வாதச் செவ்வாய்' என்றே அந்நாளுக்குப் பெயர். ஒரே மாலையில் அப்பமும் கிடைத்தது, மேளமும் கிடைத்தது. முதலில் எது என்று அங்கு யாரும் சண்டையிட்டதாகத் தெரியவில்லை!

இனிப் பண்பாட்டுப் பரிமாற்றம். அமெரிக்கப் பாடகர் பால் சைமன் பெலோரிஞ்ஞோவுக்கு வந்து ஓலோதூமின் மேளங்களைப் பதிவு செய்து 1990இல் தம் இசைத்தட்டில் சேர்த்தார். 1996இல் மைக்கேல் ஜாக்சன் அதே தெருவில் ஓலோதூமின் சட்டையை அணிந்து ஆடினார். அப்படத்தின் மற்றொரு பகுதியை ரியோவின் குடிசைப் பகுதியில் எடுக்க முனைந்தபோது, வறுமையை உலகுக்குக் காட்டினால் நகரின் பெயர் கெடும் என்று அங்குள்ள அதிகாரிகள் எதிர்த்தனர். வறுமை இருப்பதில் கெடாத பெயர் அதைக் காட்டுவதில் கெடுமோ? சல்வதோரிலும் கசப்பு உண்டு. 1992 முதல் பெலோரிஞ்ஞோவின் பழைய வீடுகளுக்கு அரசு வண்ணம் பூசிச் செப்பனிட்டது. சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். அங்கே வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் பல வெளியேற்றப்பட்டன.

எனவே எல்லாப் பரிமாற்றமும் நன்மை என்று நாங்கள் சொல்லமாட்டோம். வெளிநாட்டார் வருவார்கள், பிள்ளைகள் ஆடிக் காட்டுவார்கள், படம் எடுத்துக் கொண்டு போய்விடுவார்கள் என்றால் அது காட்சிதான்; அதில் கொடுத்து வாங்கல் எங்கே இருக்கிறது? இரு பக்கமும் கற்றால்தான் அது பரிமாற்றம். சல்வதோரைச் சேர்ந்த ஒருவர் 1997இல் பாரிசு நகரில் தொடங்கிய பத்தாலா என்னும் மேளக் குழு இன்று பல நாடுகளில் கிளைத்திருக்கிறது. வெள்ளைக்கார ஆசிரியைகளும் எழுத்தர்களும் சம்பா ரெகேயை மாணவராய் நின்று கற்கிறார்கள். அவர்கள் அடிக்கும் மேளங்கள் சல்வதோரில் செய்து அனுப்பப்படுகின்றன. 2019 மே மாதம் இலண்டனில் நடந்த தெருவோரச் சிறுவர் கிரிக்கெட் போட்டியையும் இங்கே சொல்லலாம். பல நாட்டுப் பிள்ளைகள் ஆட்டத்தோடு கலை நிகழ்ச்சியும் நடத்தி, தங்கள் உரிமைகளைப் பற்றித் தாங்களே பேசினார்கள். சென்னைப் பிள்ளைகளும் இடம்பெற்ற தென்னிந்திய அணி லார்ட்ஸ் மைதானத்தில் கோப்பையை வென்றது. ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடிய அணி அது!

பெண்கள் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சல்வதோரிலும் நெடுங்காலம் மேளம் ஆண்களின் உடைமையாகவே இருந்தது. சுர்தோவின் பளுவைப் பெண்ணால் தாங்க முடியாது என்றார்கள். அதே நெகின்யோ தோ சம்பா 1993இல் டிடா என்ற பெயரில் முழுக்க முழுக்கப் பெண்கள் மேளக் குழுவைத் தொடங்கினார். ஏழைச் சிறுமியர் அங்கே கட்டணமின்றிக் கற்றார்கள். நம் நாட்டிலும் இதற்கு இணை உண்டு. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில், பள்ளியை இடையில் விட்ட தலித் இளம்பெண்கள் பறையைக் கையில் எடுத்தார்கள். சாவு வீட்டுக்கு உரியது, தீண்டத்தகாதது என்று ஒதுக்கிய கருவி; அதிலும் பெண்கள் தொடவே கூடாது என்ற கருவி. அதை அவர்கள் ஆடிக்கொண்டே அடித்தபோது பார்த்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

குழந்தைகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கை 1989இல் உருவானது. இந்தியா 1992இல் அதை ஏற்றுக் கொண்டது. அதன் 31ஆம் பிரிவு ஓய்வு, விளையாட்டு, கலை ஆகியவற்றில் பங்கு பெறுவது ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்கிறது. பேருந்து நிலையத்துப் பிள்ளைக்கு விதிவிலக்கு என்று அதில் எழுதியிருக்கவில்லை.

எங்கள் பள்ளியில் விளையாட்டு விழா அணிவகுப்புக்காக ஆறு சைட் டிரம்மும் ஒரு பேஸ் டிரம்மும் இருக்கின்றன. ஆண்டில் பத்துப் பதினைந்து நாள் வெளியே வரும். மற்ற நாள்களில் அறைக்குள் பூட்டிக் கிடக்கும். சகோதரிகள் நடத்தும் மாலைப் பள்ளிக்குப் பேருந்து நிலையப் பக்கத்துப் பிள்ளைகள் இருபது பேர் போல வருகிறார்கள். சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் அந்த டிரம்களை அவர்களுக்குத் தர வேண்டும், எங்களோடு கலந்து நின்று அவர்கள் வாசிக்க வேண்டும் என்று, வகுப்பிலுள்ள 38 பேரும் கையொப்பமிட்டுத் தலைமையாசிரியையிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். அவர் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பொதுத் தேர்வு எழுதிவிட்டு நீங்கள் போய்விடுவீர்கள். அடுத்த சனிக்கிழமை அந்தப் பிள்ளைகள் வந்து நின்றால் யார் இருப்பார்கள்?" சிஸ்டரின் கேள்வி நியாயமானது. ஒன்பதாம் வகுப்பில் போய்க் கேட்டோம். இதுவரை பதினொரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.